உடம்புச் சூடு

மூன்றாவது கீமோ முடிந்த எட்டாம் நாள் வசுமதியின் வாய் வெந்துபோயிருந்தது. நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், உதட்டின் உள்மடிப்பு எங்கும் வெள்ளை வெள்ளையாகப் புண். ஆறின கஞ்சி ஒரு ஸ்பூன் உள்ளே போவதற்குள் கண்ணில் நீர் முட்டியது. அவள் கணவர் லக்ஷ்மிநாராயணனுக்கு இந்தப் புண் ஒரு விதத்தில் சௌகரியம். வாய்ப்புண்ணை வெளியே சொல்லலாம். மார்பைச் சொல்ல முடியுமா? துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் தலையாட்டியே வயிறு வளர்த்த மனுஷர், கல்கத்தாவில் அவர்கள் இருந்த டாக்குரியா பேட்டையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிவைத்திருந்தார். வாய்ப்புண் உடம்புச் சூட்டினால்; மொட்டைத்தலை திருப்பதி வேண்டுதல். பொய்க்குப் பெருமாளையும் துணைக்கு அழைத்துக்கொண்டதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் உதடு கிழியும்.

ஞாயிற்றுக்கிழமை பாகீரதி மாமி லேக் மார்க்கெட்டில் வாங்கின மணத்தக்காளி வற்றலோடு வந்தாள். வசுமதியின் பெண் சத்யப்ரியாவின் ஜாதகம் மாமியின் தங்கை பிள்ளைக்குப் பொருந்தியிருந்தது.

"வெறும் சூடுதான் மாமி," என்றார் லக்ஷ்மிநாராயணன். "எண்ணெய் தேச்சுக் குளின்னா கேட்டாத்தானே."

"வத்தலை நெய்யில வறுத்துச் சாப்பிடு, ஆறிடும்," என்றாள் மாமி. "எங்காத்துக்கு வந்த பொண்கள் ஒருத்திக்கும் ஒரு சீக்கு கெடையாது. மொதல்ல அதைத்தான் விசாரிப்போம்."

அவர் தலையாட்டினார். இருபத்தாறு வருஷம் இந்தத் தலைக்குப் பக்கத்திலா படுத்தோம் என்று வசுமதிக்குத் தோன்றியது. எச்சிலை விழுங்கிவிட்டு ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"சூடு இல்லை மாமி. மார்ல கேன்சர். எடது பக்கம் எடுத்தாச்சு. மருந்துல முடி போச்சு, வாய் வெந்துபோச்சு."

"ஜுரத்துல ஏதோ உளர்றா மாமி."

"ஜுரம் இல்லை. இவருக்குப் பயம். அவ்வளவுதான்."

கீழுதட்டில் ரத்தம் கசிந்தது. வசுமதி துடைக்கவில்லை. லக்ஷ்மிநாராயணன் எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை இன்னொரு தரம் அழுத்தி மூடினார்.

மாமியின் பார்வை வசுமதியை விட்டு மெல்ல நகர்ந்து, காபித் தட்டோடு வந்து நின்ற சத்யப்ரியாவின் மார்பில் போய்த் தங்கியது. துப்பட்டா தோளிலிருந்து சரிந்திருந்தது. சத்யப்ரியா அந்தப் பார்வையைக் கவனித்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்ளவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, மாமியின் கண்ணைப் பார்த்தபடி நின்றாள். தட்டில் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது.