உட்கார்ந்தால் இருமும் வண்டி

அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறேன் என்று தெருவில் எனக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. வண்டியை நட்டநடு வாசலில் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பமே சண்டை போட்டால், எதிர்வீட்டுக்காரி கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

எதிர்வீட்டில் தையல்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சூறாவளி. பால் வாங்கப் போனால், போகிறாளா வருகிறாளா என்று நிதானிப்பதற்குள் வீட்டில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். போன மாதம் அவள் ஒரு பழைய ஏடிவி வாங்கி வந்தாள். பைக்குக்கு இருப்பது போலக் கைப்பிடி, டிராக்டருக்கு இருக்கிற திமிரோடு நாலு தடித்த சக்கரம். எதற்கு இது என்று மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் போய்க் கேட்டேவிட்டேன்.

மேட்டில் இருக்கிற வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலைக்காம். அங்கே ஒழுங்கான பாதை கிடையாது, கல்லும் சரிவும்தான். வியாழக்கிழமை பத்து மணிக்குள் ஒரு பெட்டியை உச்சி வீட்டில் சேர்த்துக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் பைக் வைத்திருக்கும் மீசைக்காரருக்கு என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். இருபது வருஷமாகக் கணவர் தைத்த சட்டைக்கெல்லாம் பட்டன் வைத்துக் கொண்டிருந்தவளுக்கு, தன் பெயரில் ஒரு வேலை என்று வருவது இதுதான் முதல் தடவை.

தையல்காரருக்கும் பெருமை தாங்கவில்லை. மனைவிக்குத் தெரியாமல் வண்டி சீட்டுக்கு ஒரு ரெக்சின் உறை தைத்தார். கருநீலம், ஓரத்தில் சிவப்புப் பட்டை, எல்லா இடத்திலும் இரட்டைத் தையல். கல்யாணக் கோட்டுக்குக்கூட அவர் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை மாட்டினார். செவ்வாய்க்கிழமை வண்டி இருமத் தொடங்கியது.

ஸ்டார்ட் ஆகும். சும்மா நிற்கும்போது பூனை மாதிரி உறுமும். ஆக்சிலேட்டரை அமுக்கினால் மட்டும் திக்கித் திணறி, கரும்புகை கக்கி, உயிரை விட்டுவிடும்.

சூறாவளியின் தம்பி மெக்கானிக். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். வந்ததும் சீட்டைக் கழற்றப் போனான்.

"மாப்ள, அத நீங்க தொடாதீங்க. கையெல்லாம் கிரீஸ்," என்று தையல்காரர் தாமே கழற்றி, பச்சைக்குழந்தையை ஏந்துவது போல் உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தார்.

தம்பி பிளக்கைக் கழற்றினான். கரி படிந்து கிடந்தது. புதிது போட்டான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை அமுக்கினான். வண்டி பாடியது. தையல்காரர் சீட்டைக் கொண்டுவந்து மாட்டினார், சூறாவளி ஏறினாள், வண்டி இருமியது.

புதன்கிழமையும் இதே கூத்து. பிரித்தால் பாடும், அவள் உட்கார்ந்தால் இருமும்.

"தப்பா எடுத்துக்காதக்கா. நீ ஏறினாதான் இருமுது," என்றான் தம்பி.

"அப்ப நான் குண்டா இருக்கேங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லல. வண்டி சொல்லுது."

"நீ ஏறிப் பாரேன்டா."

"மாமா விடணுமே."

"அந்த பேண்ட்டோட அதுல உக்காந்தா கறை போகாது மாப்ள," என்றார் தையல்காரர். அவரும் ஏறவில்லை, ரெக்சின் சுருங்கிவிடுமாம்.

அவள் எடைதான் காரணம் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் தெருக்கோடிவரை போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று இப்போது எதற்குக் கிளற வேண்டும்?

வியாழக்கிழமை காலை ஒன்பதரை. மருந்துப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. தம்பி மறுபடி எல்லாம் பிரித்து மாட்டியிருந்தான், வண்டி பாடிக்கொண்டிருந்தது. தையல்காரர் சீட்டை ஏந்திக்கொண்டு படியிறங்கினார். சூறாவளி கடிகாரத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். பெட்டியைப் பின்னால் இழுத்துக் கட்டினாள்.

"சீட்டு வேணாம்."

"என்னடி சொல்ற, எதுல உக்காருவ?"

"உக்காந்தாதானே இருமுது? நான் நின்னுக்கிட்டே போறேன்."

இரண்டு கால்மிதியிலும் காலை ஊன்றி, முதுகை வளைத்து நின்றபடி ஆக்சிலேட்டரை அமுக்கினாள். தெருமுனையில் ஒரு கோழி பறந்தது தெரிந்தது, அவளைக் காணவில்லை.

நான் மாடிக்கு ஓடினேன். மேட்டில் ஒரு புள்ளி கல் கல்லாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. பத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது உச்சியிலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. ஒரு தடவை அடித்தால் போதாதா? ஏழு தடவை அடித்தாள்.

கீழே தம்பி, மாமாவின் கையிலிருந்த சீட்டை முதல் முறையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உறை சீட்டோடு முடியவில்லை. அடிப்பக்கம் முழுக்க ஒரு ரெக்சின் துண்டு விறைப்பாகத் தைக்கப்பட்டிருந்தது.

"இது என்ன மாமா?"

"தூசி உள்ள போகாம இருக்க. எப்படி என் ஐடியா?"

"தூசி மட்டுமா போகல? இன்ஜின் காத்து இழுக்கற வாய் சீட்டுக்கு நேர் அடியில இருக்கு. நீங்க அதோட மூக்கப் பொத்தி, இரட்டைத் தையலும் போட்டிருக்கீங்க. சும்மா நிக்கறப்ப அதுக்குக் கொஞ்சம் மூச்சு போதும். ஓடச் சொன்னா செத்துடாதா?"

தையல்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மாடியில் சிரித்தது கீழே கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டது.

சூறாவளி திரும்பி வந்தபோது முகமெல்லாம் புழுதி, புழுதிக்கு நடுவே பல். திங்கட்கிழமையிலிருந்து வேலை அவளுக்கு. சீட்டு எங்கே என்று மருந்துக்கடைக்காரர் கேட்டாராம். டெய்லர்கிட்ட இருக்கு என்றாளாம்.

அன்று மத்தியானமே தையல்காரர் சாக்கட்டியால் கோடு போட்டு, அடித்துண்டில் அளவாக ஒரு ஜன்னல் வெட்டினார். வெட்டிய ஓரத்தைச் சும்மா விடுவாரா? அதற்கும் சிவப்புப் பட்டை. யார் கண்ணிலும் படாத இடத்தில்.

சூறாவளி உட்கார்ந்து ஓட்டினாள். வண்டி பாடியது. தம்பிக்கு இன்னும் அந்தச் சீட்டில் இடம் கிடையாது. நான் துவைத்த புடவையில் போனதால் பின்னால் ஏற்றிக்கொண்டாள். இரண்டு பேர் கனத்துக்கும் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. இந்தச் செய்தியும் சாயங்காலத்துக்குள் தெருக்கோடிவரை போய்விட்டது.