ஒரு துண்டு பிரேக் ரப்பர்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், டெப்போவிலும் சொல்வார்கள். சொல்லட்டும். நான்கு வருடம் ஜால்ரா தட்டியவளுக்குக் கோபம் வேறெங்கே இருக்கும்?

பஸ் டெப்போவில் நான் ஸ்டோர் கிளார்க். என் வீட்டுக்காரர் அங்கேயே டிக்கெட் பரிசோதகர். ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் பேண்டில் அவர் டிரம்பெட், நான் டியூபா. டியூபா டெப்போவுடையது. அவ்வளவு பெரிய பித்தளை வாத்தியத்தை மடியில் வைத்தால் நான் அதற்குப் பின்னால் காணாமல் போவேன், செருப்பு மட்டும்தான் வெளியே தெரியும். ஆனால் ஊத ஆரம்பித்தால் மேடைப் பலகை அதிரும். அந்த அதிர்வு முதுகில் ஏறும்போது வரும் சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. உள்ளதைத்தான் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பேண்ட் அறைச் சாவியை வைத்திருந்த என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கூரை ஒழுகி டியூபாவின் வால்வெல்லாம் இறுகிவிட்டதாம். ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டாராம். பழைய பித்தளைக்குப் போட்டாகிவிட்டதாம். நான் மூன்று நாள் அழுதேன். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

புதிதாக வாங்கித் தர டெப்போ மறுத்துவிட்டது. பேண்ட் மாஸ்டர் என் கையில் ஜால்ராவைக் கொடுத்தார். பாட்டு முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்; அவர் தலையாட்டினால் எழுந்து இரண்டு தட்டு. அவ்வளவுதான் என் சங்கீதம்.

போன மாதம் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, கீழ்ச்சுருதி இல்லாம நம்ம பேண்ட் வெறும் ஓட்டையா கேக்குது. வேற டெப்போலேர்ந்து ஒருத்தன் சொந்த டியூபாவோட வரேங்கறான். மாசக் கடைசிக்குள்ள நீ ஒண்ணு பிடிச்சுட்டு வந்தா இடம் உனக்கு. இல்லேன்னா அவனுக்குத்தான். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தேன். கடைசியில் ஒரு டிரைவர் தகவல் கொண்டுவந்தார்: பாலத்துக்கு அந்தப் பக்கம் வாத்தியம் ரிப்பேர் செய்கிறவரிடம் பழைய டியூபா ஒன்று விலைக்கு இருக்கிறது, பெரிய சைஸ்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் எழுந்து டேப்பை எடுத்து வந்தார். படுக்கையறைக் கதவு மூலையை நீளம், அகலம், உயரம் என்று அளந்தார்.

"எங்க வைப்பே? கட்டில்ல உனக்கும் எனக்கும் நடுவுல படுக்க வைப்பியா?"

"மூலையில நிக்கும்ங்க."

"பழசு. எவன் எச்சிலோ, உள்ள பாசி பிடிச்சிருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் எல்லாம் ஏமாத்துக்காரன். அதோட, நீ ஊதி நாலு வருஷம் ஆச்சு. உதடு போயிருக்கும்."

கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. வீடு சின்னது, மனிதர் இடத்துக்குக் கவலைப்படுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். தகரக் கொட்டகை. ரிப்பேர்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் கருத்திருந்தது. மூலையில் இருந்த தார்ப்பாயை இழுத்தார். தூசி பறந்தது.

வாங்க வந்தவள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். வால்வுகளை அழுத்தினேன், நான்கும் வழுவழுவென்று இறங்கி ஏறின. அதன் அகன்ற வாய்க்குள் டார்ச் அடித்தேன். விரிசல் இல்லை. பிறகு ஊதும்போது தேங்கும் தண்ணீரை வடிக்கிற குட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். அதில் தக்கை இருக்க வேண்டும். தக்கை இல்லை. சிவப்பாக ஒரு துண்டு ரப்பர், ஒரு பக்கம் கோணலாக வெட்டியது.

பஸ் பிரேக்குக்குப் போடும் ரப்பர் அது. தக்கை தேய்ந்து காற்று ஒழுகியபோது என் ஸ்டோரிலிருந்து ஒன்றை எடுத்து நானே வெட்டி ஒட்டினேன். பிளேடு வழுக்கி வெட்டிய தழும்பு என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த டியூபாவுக்கு பிரேக் ரப்பர் இருக்கும்?

"இது... ரிப்பேர் ஆனதா?" என்று கேட்டேன்.

"இதுக்கு என்னம்மா குறை? ஒண்ணுமே ஆகல. நாலு வருஷம் முன்னாடி ஒரு டிக்கெட் பரிசோதகர் கொண்டாந்து போட்டார். நல்ல வாத்தியத்தை ஏன் சார் பித்தளை விலைக்குத் தர்றீங்கன்னு கேட்டேன். அவர் சம்சாரம் ஊதுறதாம். புருஷன் கையில பீப்பி, பொண்டாட்டி மடியில பீரங்கின்னு ஜனங்க சிரிக்கிறாங்களாம். மனுஷனுக்குத் தாங்கல." அவரும் சிரித்தார். "உடைக்க எனக்கு மனசு வரல. இவ்ளோ பெரிசை வாங்கவும் ஆள் வரல. பாவம் அந்தம்மா, இப்போ என்ன பண்ணுதோ."

"ஜால்ரா தட்டுது," என்றேன்.

என் வீட்டுக்காரர் எனக்கே காது குத்தியிருக்கிறார்! துண்டால் கண்ணைத் துடைத்துவிட்ட கை அது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டியூபாவை மடியில் ஏற்றி ஊதினேன். முதல் மூச்சு பஸ் ஹாரன் மாதிரி வந்தது. இரண்டாவது ஆடாமல் நிலையாக நின்றது. மூன்றாவதில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. உதடு எங்கேயும் போகவில்லை.

முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் எனக்காகத் தேநீர் காத்திருந்தது. பதினாறு வருடத்தில் அவர் போட்ட மூன்றாவது தேநீர்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"நான்தான் சொன்னேனே, உருப்படியா இருக்காதுன்னு."

"வால்வெல்லாம் நல்லா இறங்குது. நான் வெட்டி ஒட்டின பிரேக் ரப்பர்கூட அப்படியே இருக்கு."

அவர் தரையைப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்க. உன்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. உனக்காகத்தான் நான்..."

"எப்போ சிரிச்சாங்க?"

"நாம வாசிக்கறப்போ. ஒவ்வொரு தடவையும்."

"எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கலையே. ஊதறப்போ எனக்கு வேற எதுவும் கேக்காது. நீங்களும் பக்கத்துல ஊதிட்டுதானே இருந்தீங்க? உங்களுக்கு மட்டும் எப்படிங்க கேட்டுது?"

அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு வண்டியில வருது," என்றேன். "மாடிப்படியில ஒருத்தியா தூக்க முடியாது. அடிப்பக்கம் நீங்க பிடிக்கணும். நீங்க அளந்து வெச்ச அதே மூலைக்கு."

அவர் தலையாட்டினார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சட்டென்று கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

கண்ணை நானே துடைத்துக்கொண்டு, "உட்காருங்க," என்றேன்.