டிசம்பர் இருபத்தெட்டில் பிறந்தவள்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில்தான் தொடங்கியது. என் மகள் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தாள் என்று முதல் வரியை எழுதினேன். அவள் பிறந்தது டிசம்பர் இருபத்தெட்டு.

நான் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுத்து கைக்கு வந்ததும் நாலு நாளைத் திருடிவிட்டேன்.

(ஏன் என்று சொல்கிறேன், பொறுங்கள். மூட்டையைவிட வாக்கியம்தான் முதுகை ஒடிக்கிறது.)

2.

கால்பந்துக் குழுவுக்குப் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டு பார்த்துப் பிரிப்பார்கள். ஜனவரிக்காரியும் டிசம்பர்க்காரியும் ஒரே வரிசை. பதினோரு வயதில் அந்த வித்தியாசம் ஒரு தலை உயரம். இவள் நாலு நாள் பிந்திப் பிறந்திருந்தால் அடுத்த வரிசைக்கே மூத்தவள்.

தேர்வு நாளில் கோச் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து இவளிடம் நின்றார்.

"ஏ அரை டிக்கெட், நீ ஓரமா நில்லும்மா."

"ஓடிக் காட்டவா சார்?"

"வளந்துட்டு வா, பாப்போம்."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள்—

(ஐந்து தடவை தொடங்கிவிட்டேன். அழுதாள் என்று எழுதினால் அதுவும் பொய். அழுதது நான்.)

3.

கோச்சை வில்லனாக்க ஆசைப்பட்டு முரட்டு மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனிதர்தான், அவசரக்காரர். அந்த வருடமே கோப்பை வேண்டும் அவருக்கு.

இவள் தெரு அணியில் ஆடினாள். பெரிய பெண்கள் இடித்தால் சுருண்டு விழுவாள். அதனால் இடி வருவதற்குள் பந்தைத் தட்டிவிடப் பழகினாள். பந்து வருமுன்பே இரண்டு பக்கமும் பார்த்து வைத்துக்கொள்வாள். பதினாறு வயதில் ஒரே வருடத்தில் ஒரு சாண் வளர்ந்தாள். உயரம் வந்த பிறகும் அந்தப் பார்வை போகவில்லை.

(இந்தப் பத்தியை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பெருமை என்றால் பெருமைதான்.)

4.

பாதிக் கதையை அவளே எடுத்துப் படித்தாள்.

"என்னப்பா இது, ஜனவரியா?"

"கதைதானேம்மா."

"கதைன்னா? உங்க வசதிக்கு என்னை இன்னொருவாட்டி பெத்துப்பீங்களா?"

"நாலே நாள்தானே…"

"அந்த நாலு நாள் கெடச்சிருந்தா நானும் இடிச்சுத் தள்ளிட்டு ஓடியிருப்பேன். பாத்து ஆடத் தெரிஞ்சிருக்காது. அடிங்க அதை."

அடித்தேன். டிசம்பர் என்று பெரிதாக எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

5.

இன்று மறுபடியும் தேர்வு. அவளுக்குப் பதினெட்டு வயது. அதே கோச். ஒரே ஒரு இடம் காலி. இதை விட்டால் வயது தாண்டிவிடும்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கோச் அவளைச் சேர்த்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். கிழித்துவிட்டேன். மன்னிப்பு வாங்கவா இவள் ஏழு வருடம் ஓடினாள்? மற்றதில் இடம் வேறொருத்திக்குப் போகிறது, இவள் பூட்ஸைக் கழற்றி—

(எழுத முடியவில்லை.)

மைதானத்தின் ஓரத்தில், முழங்கால்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். விசில் ஊதியாகிவிட்டது. பந்து அவளிடம் வருகிறது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்க்கிறாள்.

எழுதிக்கொண்டே பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்க்க வேண்டும்.