இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் விசாலாட்சி

1912ஆம் வருஷம் பதுளை மலையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மழை பத்து மாதம் பெய்தது. மிச்சம் இரண்டு மாதமும் மூடுபனி. கங்காணி செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் பனியை வெட்டி வழி செய்துகொடுத்த பிறகுதான் பெண்கள் மலை ஏறினார்கள். அப்படி ஒரு விடியலில், பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு, பதுளை பசார்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் ராமாமிர்தம் தோட்டத்துத் துரையின் அனுமதிச் சீட்டோடு வந்து நின்றார். அவருக்கு ஒரே ஒரு நாளைக்கு ஒரு பெண் வேண்டும். ஆள் குள்ளமாக இருக்க வேண்டும்.

கொழுந்து பறிக்க வரிசையில் நின்ற பெரியாயிக்கு வயது இருபத்திரண்டு. உயரம் ஒரு கொழுந்துக் கூடையும் ஒரு சாணும். வாத்தியார் வேறு யாரையும் பார்க்கவில்லை.

சங்கதி இதுதான். பசாரில் துணிக்கடை வைத்திருந்த தர்மலிங்கம் முதலாளியின் மகள் விசாலாட்சி ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது பெரியவளானாள். அன்றோடு படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பேர் எழுதும் இடாப்பிலிருந்து அவள் பேரை மட்டும் வாத்தியார் எடுக்கவில்லை. எடுத்தால் பெண்பிள்ளைகள் தொகை குறைந்து பள்ளிக்கூடமே மூடிப்போகும். ஆகவே இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அந்தப் பேருக்கு ஒரு தலை தேவைப்பட்டது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே கிடையாது. இரவல் வாங்குவதில் தோஷமில்லை என்று பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

முதலாளி வீட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பெரியாயி பிள்ளைகளின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். தோரணம் ஆடியது. பிரம்பை ஒளித்துவைத்திருந்தார்கள். பிள்ளைகள் பொம்மைகள் மாதிரி இருந்தார்கள். வாயைத் திறக்காதே என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் துரை நேரே அவளிடம் வந்து, கூடைக்குப் பதினெட்டு ராத்தல் கொழுந்தென்றால் ஏழு கூடைக்கு எவ்வளவு என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"நூத்தி இருபத்தாறுங்க" என்றாள் பெரியாயி. "மழை நாளுன்னா கூடைக்கு ரெண்டு ராத்தல் தண்ணின்னு கணக்கப்பிள்ளை கழிச்சிருவாருங்க. அப்ப நூத்திப் பன்னெண்டுதான்."

துணிக்கடை முதலாளி மகளுக்கு இவ்வளவு உலக ஞானமா என்று இன்ஸ்பெக்டர் அசந்துபோய், விசாலாட்சியை ஆறாம் வகுப்புக்கு ஏற்றினார்.

அடுத்த வருஷமும் அவளையே கேட்பார் என்ற பயத்தில் வாத்தியார் புத்தகங்களை லயத்துக்கு அனுப்பினார். எழுத்து அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அத்தனை மழையில் லயத்தில் வேறு என்ன செய்வது என்றுதான் ஸ்பிரிங்வெளிக்காரர்கள் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போய், ஒரு வகுப்பு ஏறி வந்தாள். மிச்ச நாட்களில் பனி விலகும்போதெல்லாம் மலையிலிருந்து அந்தப் பள்ளிக்கூடக் கூரையைத் தேடினாள். தோரணம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் அந்தக் கூரைக்குக் கீழே என்னதான் நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. தன் பேரில், சும்மா ஒரு நாள், அங்கே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் பாவாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைக்கு மேல் ஜன்னலிலிருந்து விசாலாட்சி மெல்லக் கூப்பிட்டாள்.

"இப்ப நான் எத்தனாம் வகுப்பு?"

"ஏழு முடிச்சு எட்டுங்கம்மா."

"பாஸா?"

"பாஸ்தாங்க. பூகோளத்துலதான் கொஞ்சம் தடுமாறிட்டீங்க."

விசாலாட்சி சிரிக்கவில்லை. வாங்கில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், பலாமரம் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பெரியாயி பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்கு மட்டும்தான் அந்த ஏக்கம் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

நாலாம் வருஷம் எட்டாம் வகுப்பும் பாஸானது. மறுமாதம் அரசாங்க முத்திரையோடு கடிதம் வந்தது. இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியை விடக்கூடாது, விசாலாட்சியை ஒண்ணாம் வகுப்புக்கு ஆசிரியையாகப் போடவும்.

வாத்தியார் அன்றைக்கே லயத்துக்கு ஓடிவந்தார். ஆசிரியை என்றால் துரை விட்டுவிடுவார், தினமும் விசாலாட்சியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினார். தினமும் என்ற சொல்லைப் பெரியாயி தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அது அந்தப் பிள்ளையோட பேருங்கய்யா" என்றாள் கடைசியில். "அவங்களையே கூப்பிடுங்க. என்னைய என் பேருல ஒண்ணாம் வகுப்புல சேருங்க."

"எட்டு பாஸான உனக்கு எதுக்கு ஒண்ணாம் வகுப்பு?"

"நடுவுல உள்ள நாளெல்லாம் நான் பாக்கலீங்களே."

"படிக்கப் போறேன்னா துரை பெரட்டுலேருந்து விடுவாரா?"

"விடமாட்டாருங்க. பேரு இருக்கட்டும்."

தர்மலிங்கம் முதலாளி முத்திரையைக் கண்டு நடுங்கி, கடிதத்தைச் சாமி படத்தருகே வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, மகளை ஆசிரியையாகப் படியிறங்க விட்டார். இடாப்பின் அடியில் வாத்தியார் பெரியாயியின் பேரை எழுதினார். பசார்ப் பள்ளிக்கூடத்து இடாப்பில் ஏறிய முதல் தோட்டத்துப் பேர் அது.

இரண்டு மாதம் கழித்து அவர் மலைக்கு வந்து அதைச் சொன்னார். பெரியாயி தேயிலைச் செடி நிரைக்கு நடுவே கொழுந்தும் கையுமாக நின்று கேட்டாள்.

"தினம் உன் பேரைக் கூப்பிடுதும்மா அந்த விசாலாட்சிப் பிள்ளை. கூப்பிட்டுட்டு வாசலையே பாக்குது. அப்புறந்தான் வரலைன்னு எழுதுது."

"எம்புட்டு நேரங்கய்யா பாக்குறாங்க?"

ராமாமிர்தம் யோசித்தார். ஒரு பிள்ளை ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும் என்றார்.

அவர் இறங்கிப் போனதும் பெரியாயி மறுபடி கொழுந்துக்குக் கை நீட்டினாள். ஓரொன்பது ஒன்பது என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே நிறுத்தி, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.