தலைப்புக்கு விட்ட இடம்

ஓவியரின் மச்சினன் கூடத்தில் தரைக்கு ஒரு முழம் மேலே ஒன்பது வருடம் தொங்கினான். கயிறு கிடையாது, கொக்கி கிடையாது, வெறும் காற்றில்தான். அவனுக்குக் கீழே அவன் அக்கா தினமும் பெருக்கித் துடைத்தாள்.

சாகசக் கதைப் புத்தகங்களுக்கு எண்ணெய் வண்ணத்தில் படம் போடுவது ஓவியரின் பிழைப்பு. புயலில் உடையும் கப்பலோ தீவுக் கொள்ளையரோ, எதுவானாலும் வீட்டு மனுசரையே நிறுத்தி வரைவார். பாதிக் கதைகளில் கடத்தப்பட்டவள் அவர் மனைவிதான். அவள் தம்பி வேலைவெட்டி இல்லாதவன், ஆகவே எல்லாக் கதைக்கும் நாயகன். ஒரு கதையில் நாயகன் மலை விளிம்பில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். மேலே வில்லன் அதைக் கத்தியால் அறுக்கிறான். தம்பி உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கிக் காட்டினான். படம் முடிந்ததும் கயிற்றை விட்டான். இறங்கவில்லை.

வண்ணம் ஈரமாக இருக்கும்வரை கத்தி பாதிக் கயிற்றில் நிற்கும், காய்ந்தால் கயிறு அறுந்துவிடும் என்று ஓவியருக்குப் புரிந்தது. விழுந்தால் போய்ச்சேரப் படத்தில் தரை இல்லை. புத்தகத் தலைப்பு அச்சிடப் பதிப்பாளர் கீழே எப்போதும் இடம் விடச் சொல்வார். அங்கே வெறும் மூடுபனி. ஓவியர் காலைதோறும் படத்தில் கிராம்பு எண்ணெய் தடவிக் காயவிடாமல் வைத்தார். ஒருநாள் மறந்துவிட்டார். தம்பியின் பாதங்கள் சிமெண்டுத் தரைக்குள் தண்ணீரில் இறங்குவதுபோல இறங்கின. எண்ணெய் தடவியதும் மேலே வந்தன. அதன்பின் மறக்கவில்லை. வீடே பல்வலி மருந்தாக நாறியது.

"கீழ ஒரு பாறைய வரைஞ்சு தொலைங்களேன்" என்று மனைவி கேட்காத நாளில்லை.

"கதையில பாறை இல்ல. இல்லாதத நான் ஒரு கோடுகூட போட்டதில்ல."

பெண் கொடுக்க வந்தவர்கள் பையன் நல்ல உயரம் என்று மகிழ்ந்தார்கள்; பிறகு கீழே பார்த்தார்கள். பதிப்பாளர் படத்தைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டார். குனிந்து பெருக்கியே அக்காவுக்கு இடுப்பு ஒடிந்தது. வீட்டில் மூவருக்கும் அலுத்துப்போயிற்று.

ஒருநாள் தம்பி சொன்னான்: "முடியலக்கா. காஞ்சுட்டுப் போவுது, விடு."

அன்று ஓவியர் வெளியே போயிருந்தார். அவள் தூரிகையை எடுத்து மூடுபனிமேல் சாம்பல் வண்ணத்தை அப்பினாள். தன் கூடத்துத் தரையை, அதன் விரிசலை, மூலையில் கிடந்த பாயைப் போட்டாள். கோணல்மாணலாகத்தான் வந்தது.

ஓவியர் திரும்பி வந்து கத்தினார். "கதையில இது எங்க இருக்கு?"

"கதை கிடக்குது கழுதை! என் தம்பி விழுந்தா என் வீட்டுலதான் விழணும்."

அவர் படத்துக்குக் கிட்டப்போய்க் குனிந்தார். "விரிசல் இடப்பக்கம் இல்ல, வலப்பக்கம்" என்று தூரிகையை வாங்கித் திருத்தினார்.

மறுநாளிலிருந்து எண்ணெய் தடவவில்லை. தரை தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. அவள் வேலையைப் போட்டுவிட்டுத் தம்பியின் கணுக்காலைப் பிடித்தபடியே வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் படத்தில் கயிறு அறுந்தது. தம்பி அவள் மடியில் பாதியும் தரையில் பாதியுமாகத் தொப்பென்று விழுந்தான். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. "சனியனே, சனியனே" என்று அவன் முதுகில் அடித்தாள், ஓவென்று அழுதாள். அவன் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டான். அவளும் பக்கத்திலேயே சாய்ந்தாள். இருவரும் தூங்கிப்போனார்கள். ஓவியர் அவர்களைத் தாண்டிப் போய், தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார்.