கேஜ் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் டைட்டஸ் வீட்டிலிருந்த ஒரே மர நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டான். மறுநாள் காலையில் மகளைப் பங்காருபேட்டைக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். ஐடாவுக்கு நாலு வயது. டாக்டர் என்றால் ஊசி, ஊசி என்றால் சாம்பியன் ரீப்ஸ் ஊர் முழுக்கக் கேட்கிற கத்தல். அதனால் இன்றைக்கே ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

இந்த மாதிரி வேலையெல்லாம் மனைவி லவினா பார்த்தால் அழகாகப் பார்ப்பாள். அவள்தான் இல்லையே. போன மழைக்காலத்தில் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது.

டைட்டஸைக் கெட்டிக்காரன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிள்ளையின் முன்பற்கள் கறுத்துப் போனதே அவன் கைங்கரியம்தான். லவினா போன புதிதில், மம்மி வேண்டும் என்று படுக்கையில் புரண்டு அழுத பிள்ளைக்குச் சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். குடித்துக்கொண்டே தூங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. மறுநாளும் கொடுத்தான், அதற்கு மறுநாளும் கொடுத்தான். விடியுமுன் எழுந்து வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிற மனுஷனுக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

பல் கறுத்ததையாவது மன்னிக்கலாம். அதை மறைத்தானே, அதை என்னவென்று சொல்வது? ஏர்போர்ட்டில் லவினா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "இவளுக்கு ஒண்ணுன்னா நான் அன்னிக்கே ஃபிளைட் ஏறிடுவேன், பாத்துக்கோங்க." சொன்னால் செய்கிறவள். பாதியில் வந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். எனவே வீடியோ கால் வரும்போதெல்லாம் டைட்டஸ் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"உதட்ட மூடிக்கினு சிரி கண்ணு. பல்லப் பாத்தா மம்மி அழுவாங்க."

பிள்ளை அப்படியே சிரித்தது. லவினாவும் ஏமாந்து, "எம் பொண்ணு பெரிய மனுஷியாட்டம் சிரிக்கிறா பாருங்க" என்று பூரித்துப் போனாள். போனை வைத்த பிறகு வீடு சத்தமில்லாமல் கிடக்கும். அப்போதெல்லாம் டைட்டஸுக்கு இன்னொரு எண்ணமும் வரும். லவினா பல்லைப் பார்த்துவிட்டால்தான் என்ன, வந்துவிட்டால்தான் என்ன என்று தோன்றும். தோன்றியதுமே வெட்கப்பட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவான்.

கடைசியில் குட்டை உடைத்தது பக்கத்து வீட்டு சரோஜம்மாதான். பகலில் ஐடாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"முறுக்கு குடுத்தா ஒரு பக்கமாவே கடிக்குது நாயனா. பல்லு நோவுது அதுக்கு. டாக்டராண்ட இஸ்துக்கினு போ, சும்மா நாளைக்கி நாளைக்கின்னு சொல்லிக்கினு இருக்காத."

ஆகவே ஒத்திகை. நாற்காலியைச் சற்று நேரம் சுற்றிச்சுற்றிப் பார்த்தவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"பாப்பா, இது இன்னா தெரியுமா? கேஜு. டாக்டர் வூட்டு நாக்காலியும் கேஜு மாரிதான். மேல போவும், கீழ எறங்கும்."

ஐடாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆட்களைத் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்குகிற அந்த இரும்புக் கூண்டு நின்றுபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டைட்டஸே அதில் ஏறியதில்லை, அவன் அப்பாதான் ஏறினார். இருந்தாலும் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய இந்த லைன் வீடுகளில் கேஜ் விளையாடாத பிள்ளை கிடையாது. கேஜை ஓட்டுகிறவருக்குச் சைகையாகத் தட்டுகிற கணக்குக்கூட ஐடாவுக்குத் தெரியும்.

"ஒண்ணு தட்னா?" என்றான் டைட்டஸ்.

"நிக்கும்."

"ரெண்டு தட்னா?"

"எறங்கும். ஆனா எல்லாரும் ஏறினப்பறம்தான் ரெண்டு தட்டணும்."

"கரெக்ட்டு. கேஜு ஓடும்போது வாயத் தொறக்கலாமா?"

"தொறக்கக் கூடாது. நாக்கக் கடிச்சிக்குவோம்."

பல் டாக்டருக்குத் தயார்செய்கிற பிள்ளையிடம் யாராவது இதைப் போய்க் கேட்பார்களா? டைட்டஸ் கேட்டான். அவன் அப்பா சொன்ன விதி, அவன் வாயில் தானாக வந்தது.

விளையாட்டு மும்முரமாக நடந்தது. ஐடா ஒரு தட்டு தட்டி நாற்காலியை நிறுத்தினாள், கரடி பொம்மை ஏறியது. இன்னொரு தட்டு தட்டினாள். கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்த சரோஜம்மா ஏறுவதற்குப் பதிலாக, அந்தக் காலத்தில் கேஜ் ஏறுமுன் கும்பிடுகிறவர்களைப் போல நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாவது முறையும் தட்டிவிட்டு ஐடா ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப யாருக்கு நிறுத்தின?"

"மம்மிக்கு."

டைட்டஸ் கொஞ்சம் தடுமாறித்தான் போனான். "மம்மி அப்பறமா ஏறுவாங்க கண்ணு" என்று சொல்லி, அவனே இரண்டு தட்டு தட்டினான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மகளை ரயிலில் கூட்டிப் போனான். ஐடா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் கேஜ் கதைதான். டாக்டர் ரூபேஷ் சின்ன வயசுக்காரர், கன்னடம் கலந்த தமிழ். ஐடா அழவே இல்லை. தானாக ஏறிப் பெரிய நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். டைட்டஸுக்கு மார்பு நிமிர்ந்தது.

டாக்டர் காலால் அழுத்தினார். நாற்காலி உயர்ந்தது. ஐடா இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு வாயைக் கப்பென்று மூடிக்கொண்டாள்.

"வாய் ஓபன் மாடு பாப்பா. ஆ சொல்லு."

அசையவில்லை.

"கேஜு நின்னுடிச்சி கண்ணு, இப்பத் தொறக்கலாம்" என்று டைட்டஸ் கெஞ்சினான்.

ஐடா உதடு பிரியாமல் சொன்னாள். "மாட்டேன். பல்லு தெரிஞ்சா மம்மி அழுவாங்க."

டாக்டர் டைட்டஸைப் பார்த்தார். டைட்டஸ் தரையைப் பார்த்தான். டாக்டருக்கு விஷயம் பாதிதான் புரிந்திருக்க வேண்டும்.

"அம்மா எங்க சார்? போன் போடுங்க. அம்மா சொன்னா தொறப்பா."

போடாமல் தப்பிக்க டைட்டஸுக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை. போட்டான். லவினா ஆஸ்பத்திரி வராந்தாவில் யூனிபாரத்தோடு நின்றாள். பின்னால் தெரிந்த டாக்டரின் விளக்கைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"இன்னாங்க? பாப்பாக்கு இன்னா ஆச்சி?"

"பல்லுதான். வேற ஒண்ணுமில்ல. நீ தொறன்னு சொன்னா தொறப்பா."

போனை மகளின் பக்கம் திருப்பினான். ஐடா அவனைப் பார்த்தாள்.

"காட்டட்டுமா டாடி?"

"காட்டு."

ஐடா வாயை அகலத் திறந்தாள். இத்தனை மாதம் மறைத்தது அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வந்தது.

லவினா திட்டுவாள், அழுவாள், அப்புறம் "வரேன்" என்பாள் என்று டைட்டஸ் காத்திருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருக்கிறோம் என்பது அவனுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. வெட்கமாகக்கூட இல்லை.

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளா."

லவினா கிட்டத்தில் வந்து, நர்ஸ் பார்க்கிற பார்வையாகப் பார்த்தாள். "முன்னாடி ரெண்டும் போச்சி. பால் பல்லுதான். டாக்டர் எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க. அப்பால மொளைக்கும்."

"அன்னிக்கே ஃபிளைட் ஏறுவேன்னு சொன்னியே."

"சொன்னேங்க." அவள் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். "எப்பிடி வர்றது, சொல்லுங்க? லீவுன்னு கேட்டா போயிடுன்னு சொல்லிடுவாங்க."

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"பாப்பா, மம்மி அழுவல, பாத்தியா? டாக்டர் அங்கிள் சொல்ற வரைக்கும் வாயத் தொறந்துக்கினே இரு."

திரை இருண்டது.

டாக்டர் திரும்பவும் காலை வைத்தார். நாற்காலி சாயத் தொடங்கியது. ஐடா கைப்பிடியில் ஒரு தட்டு தட்டினாள்.

டாக்டர் சட்டென்று காலை எடுத்துவிட்டார். "ஏன் பாப்பா, வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். மம்மி சொன்னபடி வாயை மூடாமலே ஏதோ சொன்னாள், சொல் குழறியது. டாக்டருக்குப் புரியவில்லை. டைட்டஸுக்குப் புரிந்தது.

"மம்மி இன்னும் ஏறல டாடி."

அவ்வளவு பெரிய நாற்காலியில் ஒரு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொல்றா சார்?" என்றார் டாக்டர்.

டைட்டஸ் அந்தக் காலி இடத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான். மறு கையால் கைப்பிடியில் இரண்டு முறை தட்டினான்.

டாக்டர் காலை அழுத்த, நாற்காலி இறங்கியது.