கையிருப்பு நாட்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஜூன் மாதம் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடிய மூவர் குழு, மத்திய ஆசியாவின் புல்வெளிகளையும் மலைகளையும் குதிரை மீதேறிக் கடப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

மூவரில் எவரும் அதுவரை கழுதை மீதுகூட ஏறியதில்லை.

குழுவின் தலைவர் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். செருப்புக் கடை மேலாளர். ஒருமுறை கயிற்றுவண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு மலை உச்சிக்குப் போய், டீ குடித்துவிட்டு இறங்கியவர். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அவரைச் 'சிகரம்' என்கிறார்கள். அது கிண்டல் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. செயலாளர் நான், பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில் பதினேழு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். மூன்றாவது ஆள் என் மனைவி. யோசனையே அவளுடையதுதான். குழுக்களில் வழக்கமாக நடப்பதுபோல அவளுக்குப் பதவி எதுவும் தரப்படவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். நல்ல கைராசி. "குத்தினதே தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போகாத நோயாளி கிடையாது. எங்கள் வீட்டிலும் பதினைந்து வருஷமாக அப்படித்தான். யார் எப்போது குத்தினார்கள் என்றே தெரியாமல் மரத்துப்போய்விட்டது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு வந்தால் எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

மே மாதக் கடைசியில், துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஊர்ல கிளை திறக்கறாங்க. லேபுக்குத் தலைமையா என்னை வரச் சொல்றாங்க. செப்டம்பர் இருபத்தொண்ணுக்குள்ள பதில் சொல்லணும்."

"எவ்வளவு தூரம்?"

"ஆறு மணி நேரமாம்."

"ஆறே முக்கால்," என்றேன். அந்தத் தடத்துக்கு அட்டவணை போட்டவனே நான்தான்.

அவள் ஒரு துண்டை நாலாக மடித்தாள். "அதுக்குள்ள நாம ஒரு தடவை எங்கயாவது போயிட்டு வருவோம். வந்தப்புறமும் இப்படியேதான் இருக்கும்னா நான் அங்க போயிடறேன். போகவே இல்லைன்னாலும் போயிடறேன்."

"கோவமா?"

"சேச்சே. கோவம் வந்திருந்தாத்தான் தேவலையே."

எங்கே என்பதையும் அவளே முடிவு செய்திருந்தாள். செல்போனில் ஒரு படம் காட்டினாள். கீழே புல், மேலே வானம், தூரத்தில் பனி மூடிய மலை. அவ்வளவுதான்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதைத்தான் பார்க்கணும்."

சிகரத்துக்கு விஷயம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றார். காலில் முழங்கால்வரை ஏறும் புதிய பூட்ஸ்.

"மாப்ளே, முன்ன பின்ன மலையைப் பார்த்த ஆள் ஒருத்தன் கூட வேணாமா?"

"அண்ணா, நீயுமா?" என்றாள் இவள்.

"உன்னைத் தனியா அனுப்பிடுவேனா?"

"தனியா இல்லை. இவரோட."

"அதைத்தான் சொல்றேன்."

அன்றுதான் மேற்சொன்ன வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது.

எங்கள் பிரிவில் இரண்டு வேதவாக்குகள் உண்டு. முதலாவது, அட்டவணையைக் கடைசியிலிருந்து எழுத வேண்டும். கடைசி வண்டி பணிமனைக்குத் திரும்பும் நேரத்தை முதலில் அடிவரியில் போட்டுவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏற வேண்டும். வண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், வீடு திரும்பியாக வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு நடைக்கும் நடுவே கையிருப்பு வைக்க வேண்டும். நெரிசல், பஞ்சர், டிரைவரின் வயிறு எல்லாவற்றுக்கும் ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். கையிருப்பு இல்லாத அட்டவணையில் கையெழுத்துப் போட்டவன் எங்கள் பிரிவில் உருப்பட்டதில்லை.

அலுவலகத்திலிருந்து நீளத் தாள்கள் கொண்டுவந்து அப்படியே ஆரம்பித்தேன். அடிவரியில்: செப்டம்பர் இருபது, ஞாயிறு, வீடு வந்து சேர்தல். அதற்கு மேலே விமானம். அதற்கு மேலே கிர்கிஸ்தான் மலைகளுக்கு நடுவே, மூவாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு ஏரி. அதற்கு மேலே குதிரைகள், கம்பளிக் கூடாரங்கள், கணவாய். இன்னும் மேலே கஸகஸ்தான் புல்வெளியை இரண்டு பகல் இரண்டு இரவு குறுக்கே கடக்கும் ரயில்.

இடையிடையே கையிருப்பு. இங்கே சிகரத்தின் ஞானம் பெருக்கெடுத்தது.

"கணவாய்ல மழை பிடிச்சா?"

"ரெண்டு நாள் போட்டிருக்கேன் மச்சான்."

"பத்தாது, நாலு போடுங்க. குதிரைக்கு வயித்து வலி வந்தா?"

"குதிரைக்கு வருமா?"

"வராதுன்னு குதிரை எழுதிக் கொடுத்திருக்கா?"

குதிரையின் வயிற்றுக்கு இரண்டு நாள், எங்கள் வயிறுகளுக்கு நாலு நாள், உயரம் பழகுவதற்கு ஐந்து நாள், பாஸ்போர்ட் தொலைந்தால் தேடுவதற்கு மூன்று நாள். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஒன்பது ஞாயிறுகள். பூட்ஸ் பழகுவதற்காக அவர் ஒவ்வொரு வாரமும் எங்கள் மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கினார். கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார்.

ஒரு நாள் என் மனைவி தாளைக் குனிந்து படித்தாள்.

"'மனஸ்தாபம், ஒரு நாள்.' இது என்னங்க?"

"மூணு பேர் ஒண்ணா போறோம். ஏதாவது பேச்சு வரும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம உட்கார்ந்திருக்க ஒரு நாள் வேணாமா?"

"நாம சண்டையே போட்டதில்லையே."

"அதான் கையிருப்புன்னு போட்டிருக்கேன்."

விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். "எதைக் குறைச்சாலும் இதைக் குறைச்சிடாதீங்க," என்றாள். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி திட்டம் பூர்த்தியானது. சிகரம் அதை நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றார். நின்றோம். மொத்தம் நாற்பத்தேழு நாள் என்று அறிவித்துவிட்டு, முதல் வரியில் புறப்படும் தேதியை எழுதப் போனேன்.

இங்கே ஒரு தொழில் விளக்கம் சொல்லியாக வேண்டும். பேருந்து அட்டவணையில் மணி உண்டு, நிமிஷம் உண்டு, தேதி கிடையாது. வண்டி தினமும் ஓடுகிறது, தேதி எதற்கு? ஒன்பது வாரமும் நாட்களைக் கூட்டிக்கொண்டே போனேனே தவிர, ஒரு தடவைகூட நாள்காட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. செப்டம்பர் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். பேனா நின்றது. மறுபடி எண்ணினேன்.

"என்ன மாப்ளே?"

"ஆகஸ்ட் அஞ்சு."

"எது?"

"கிளம்பற தேதி. போன புதன்கிழமை."

சிகரம் உட்கார்ந்தார். திட்டப்படி நாங்கள் புறப்பட்டு ஐந்தாவது நாள் நடந்துகொண்டிருந்தது.

என் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப இன்னிக்கு எங்க இருக்கோம்?"

விரலை ஓட்டிப் பார்த்தேன். "ரயில்ல. ரெண்டு பக்கமும் புல்."

"நல்லா இருக்கா?"

அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை. அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ரத்த மாதிரிக் குப்பிகளை எண்ணுகிற நிதானத்தோடு கட்டங்களை எண்ணினாள்.

"கையிருப்பு மட்டும் இருபத்தெட்டு நாள். அதை எடுத்துட்டா பத்தொன்பது. செப்டம்பர் ரெண்டாம் தேதி கிளம்பினா, இருபதாம் தேதி வந்துடலாம். விசா, டிக்கெட் எல்லாம் நாளைக்கே பார்க்கறேன். கிளம்பலாமா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அண்ணனைப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்துக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஒரு தலையாட்டல் போதும் என்பதும் எனக்குப் புரிந்தது.

"கையிருப்பு இல்லாம வண்டியை வெளிய விட முடியாதும்மா," என்றேன்.

அலுவலகத்தில் வாரம் இரண்டு தடவை நான் சொல்கிற வாக்கியம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் இருந்தது. வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், அது சரியான வாக்கியமாக இருந்தது.

"அதானே!" என்று சிகரத்துக்கு உயிர் வந்தது. "அவசரப்பட்டு மலைக்குப் போகக் கூடாது. அடுத்த வருஷம் போவோம். திட்டம் எங்க ஓடிடப் போகுது?"

"சரி," என்றாள். தாளை மடித்து என்னிடம் தந்தாள். அதையும் நாலாகத்தான் மடித்திருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சம்மதம் எழுதிக் கொடுத்தாள். இருபத்தொன்று வரை காத்திருக்க அவளுக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள். ஞாயிறு காலை மூன்று பெட்டிகளோடு கிளம்பினாள். சிகரம் பெட்டிகளைத் தூக்க வந்தார். இரண்டாவது படிக்கட்டிலேயே மூச்சு வாங்கிற்று. நான்தான் இறக்கிப் பேருந்து நிலையம்வரை கொண்டுபோனேன்.

"கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்கேன். நாளைக்கு வரும்," என்றாள்.

"சரி."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "நடுவுல வண்டி இருபது நிமிஷம் நிக்கும். அங்க சாப்பிட்டுக்கோ," என்றேன்.

தலையாட்டினாள். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

திரும்பும் வழியில் சிகரம் என் தோளில் கை போட்டார். "வருத்தமா இருக்கா மாப்ளே?"

"தெரியலை மச்சான்."

"வரும், வரும். மெதுவா வரும்," என்றார், அந்தத் துறையிலும் அனுபவசாலி போல.

செப்டம்பர் இரண்டாம் தேதி புதன்கிழமை. வேலைக்குப் போனேன்.